பொறாமைக்காரி என்ற பேர்

நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பியூட்டி பார்லருக்கு என் தங்கை மேனேஜர் ஆன மறுவாரமே முதலாளியம்மா எனக்கு அந்த இங்கிலீஷ் பட்டத்தைச் சூட்டினாள். தங்கை தலைமுடிக்கான ப்ளீச்சைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ பவுடர் போட்டா தோல் வெந்துடும்டி" என்றேன். அவ்வளவுதான்.

"டோன்ட் பி என்வியஸ்" என்றாள் முதலாளியம்மா, கண்ணாடியில் உதட்டுச்சாயத்தைச் சரிசெய்தபடியே. தங்கை சிரித்தாள். கூடப் பிறந்தவள் சிரித்தாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கலவை போனது என் வாடிக்கைக்காரரான இங்கிலீஷ் டீச்சரின் தலைக்கு. பூசி, ஃபாயில் தாளைச் சுற்றிவிட்டுத் தங்கை போனோடு உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே கிடந்த முடியைக் கூட்டினேன்.

"டீச்சர், என்வியஸ்னா என்ன?"

அவருக்குப் பாடம் எடுக்கச் சொல்லியா தர வேண்டும்? "அடுத்தவங்ககிட்ட இருக்கறது நம்மகிட்ட இல்லையேன்னு வயிறு எரியுறது. நம்மகிட்ட இருக்கறது போயிடுமோன்னு பதறினா அது ஜெலஸ். 'ஐ ஆம் என்வியஸ் ஆஃப் யுவர் ஹேர்'னு சிரிச்சுட்டே பாராட்டாவும் சொல்லலாம்."

பாராட்டாம்! ஒருத்தியின் வாயை அடைக்கவும் அது உதவும் என்று டீச்சருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போல. இனி நான் எதைச் சொன்னாலும் வயிற்றெரிச்சல் கணக்கில்தான் போகும்.

டீச்சர் காதுக்குப் பின்னால் விரலை விட்டார். "கொஞ்சம் எரியுதே."

"அப்படித்தான் இருக்கும் டீச்சர்" என்றாள் தங்கை, தலையைத் தூக்காமல். நான் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றேன். டீச்சரின் கண்ணில் நீர் கோத்தது.

அதற்கு மேல் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் சாய்த்து, ஃபாயிலைப் பிய்த்தெறிந்தேன். காதோரம் தோல் கொப்புளித்திருந்தது.

"அக்கா, என் வேலைல நீ எதுக்குக் கை வைக்கிற?"

"பார்த்தியா, மறுபடியும் அதே..." என்று ஆரம்பித்தாள் முதலாளியம்மா.

"ஆமா, என்வியஸ்தான்! அந்த மேனேஜர் வேலை எனக்கு வந்திருக்கணும். வயிறு எரியுது, தூக்கமே வரல, போதுமா? இப்ப ரெண்டு பேரும் வந்து இவங்க தோலைப் பாருங்க!"

டீச்சர் குழாய்த் தண்ணீருக்குக் கீழிருந்து என்னைக் கேட்டார்.

"இதால தோல் வேகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏன் என் தலையில வைக்க விட்ட?"

"பொறாமைக்காரின்னு பேர் வந்துடும்னுதான்" என்றேன். சொல்லும்போதே என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்தப் பேர்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே.