இடப்பக்கம் கிறுகின வேன்

உதயரூபனுக்கு முப்பத்தொரு வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. சண்டை ஓய்ந்த வருஷம் அது. பொழுது சாயும் நேரத்தில் பயமில்லாமல் ஒரு வீட்டுக்குப் போய்வரலாம் என்பதே சனத்துக்குப் புதினமாக இருந்தது. மாப்பிள்ளை கேட்டு, பெண் தக்ஷாயினியின் தாய் சீதேவிப்பிள்ளையும் மாமன் வினாயகமூர்த்தியும் வேன் பிடித்து வந்தார்கள். அவனுடைய ஊரான கல்குடாவில் தெரு ஒழுங்கைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வழிகாட்ட வேறு ஆள் இல்லையென்று அம்மா அவனையே வாழைச்சேனைச் சந்திக்கு அனுப்பிவிட்டா.

"தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீடோ?" என்று மாமன் வேன் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "ஓம்" என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

சுனாமி தூக்கிக்கொண்டு போய்த் தாழம்புதருக்குள் தலைகீழாகச் செருகிய சைக்கிள் அது. மணலை அள்ளிக் கொட்டி, எஞ்சினைக் கழுவி, எப்படியோ ஓட வைத்துவிட்டான். லைட்டுகள்தான் அன்றிலிருந்து சொல்வழி கேட்பதில்லை. வலப்பக்கச் சிக்னல் செத்தேபோனது. பிறேக் பிடித்தால் பின்னால் சிவப்பு மங்கும், இடப்பக்கச் சிக்னல் எரியும். பல்ப் மாற்றினான், பியூஸ் மாற்றினான், சுவிட்சைக் கழற்றிப் பூட்டினான். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

வழியில் ஒரு பள்ளத்துக்குப் பிறேக் பிடித்தான். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வேனைக் காணோம். சிக்னலை நம்பி அது இடப்பக்க ஒழுங்கைக்குள் கிறுகிப் போயிருந்தது.

அவன் தேடிப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அதுதான் மாப்பிள்ளை வீடென்று கண்ணகை அக்காவின் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். விலைக்கு விட்ட பசுமாட்டைப் பார்க்க ஆள் வருமென்று காலையிலிருந்தே காத்திருந்தவ அந்த அக்கா.

"நல்ல அமசடக்கம், சாது. ஒருத்தரையும் உதைக்காது," என்றா கண்ணகை.

"சாப்பாடு எப்படி?" என்று கேட்டார் மாமன்.

"வைக்கிறதைத் தின்னும். இப்ப மேயப் போயிருக்கு."

மாமன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

உதயரூபன் ஓடிப்போய், இது வேறு வீடென்றும் சிக்னல் பிழையாகக் காட்டியதென்றும் சொன்னான். "எந்த மடையன்டா உனக்கு இந்த லைட்டைப் பூட்டித் தந்தவன்?" என்று பாய்ந்தார் மாமன்.

"நான்தான் பூட்டினன்."

கண்ணகை அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. இதைத் திருத்தாமல் நகர்வதில்லையென்று பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினான். யாராவது பிறேக்கை மிதித்துக் காட்ட வேண்டும். மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீதேவிப்பிள்ளைதான் பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறி இருந்தா.

"எதை மனே மிதிக்கிற?"

மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தா. "சிவப்பு மங்க மங்க மஞ்சள் கூடுதே! வயல் வட்டைக்குள்ள கழிவு வாய்க்கால் அடைச்சா, தண்ணி பக்கத்து வயலுக்கால போற மாதிரியெல்லோ கிடக்கு?"

உதயரூபன் நிமிர்ந்தான். இத்தனை வருஷமாகக் கரண்ட் வரும் வழியைத்தான் தேடியிருக்கிறான். திரும்பிப் போகும் வழியை ஒரு நாளும் பார்த்ததில்லை. பின் மட்காட்டில், கரண்டைத் திருப்பி அனுப்பும் எர்த் வயர் பூட்டிய இடத்தைத் தடவினான். கடலுப்புப் பட்ட திருகாணி துருவேறி உதிர்ந்தது. கண்ணகை அக்காவிடம் கத்தி வாங்கி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வேறு ஆணி போட்டு முறுக்கினான்.

"மறுகா மிதியுங்க, மாமி!"

சிவப்பு பளீரென்று எரிந்தது. சிக்னல் கம்மென்று கிடந்தது. சீதேவிப்பிள்ளை காலை எடுக்கவில்லை.

"என்னெண்டு கூப்பிட்டாய் மனே?"

அவனுடைய காது இரண்டும் அந்த லைட்டைப்போலவே சிவந்தன. கத்தியை அக்காவிடம் திருப்பி நீட்டினான். மாமன் ஒருதரம் அவனைப் பார்த்தார், ஒருதரம் வானத்தைப் பார்த்தார். தான் மடையன் என்று சொன்னது மாப்பிள்ளையையேதான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பிறகு சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சாப்பிட்டு, ஆவணியில் நாள் பார்ப்பதென்று பேசி முடித்தார்கள். வேனில் ஏறும்போது சீதேவிப்பிள்ளை அவனைக் கிட்டக் கூப்பிட்டா.

"எங்கட வீட்டில தண்ணி மோட்டர் ஒண்டு ஓடாமக் கிடக்கு. கலியாணம் வரும் மட்டும் ஏன் காத்திருக்கிற? ஞாயித்துக்கிழமை வாங்க. தக்ஷாயினிதான் சுவிட்சுப் போட்டுக் காட்டுவா."

"வாறன் மாமி," என்றான் உதயரூபன், இந்தமுறை தெரிந்தே.