பிறக்காத பிள்ளைக்கு ஓர் அர்ச்சனை

இதனால் சரவணைக் கிராமத்தில் வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறியத்தருவது யாதெனில்: ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் திருவாளர் இராசநாயகம் அவர்கள், செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தமது பேரப்பிள்ளையின் இருதயச் சிகிச்சையைப் பிள்ளையார் கோயிலில் நின்று வழிநடத்துவார்.

சிகிச்சை நடப்பது கடல்கடந்த ரொறன்ரோ நகரில். பேரப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை; மகள் தாரிகாவின் வயிற்றில் இருபத்தாறு கிழமையாக இருக்கிறது. அதன் இருதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வால்வு ஒட்டிப்போய்க் கிடந்தது. அப்படியே விட்டால் இருதயத்தின் இடப்பக்கம் வளராது. தாயின் வயிற்றினூடாக, பிள்ளையின் நெஞ்சினூடாக ஊசியைச் செலுத்தி, திராட்சைப்பழமளவு இருதயத்துக்குள் ஒரு சின்ன பலூனை ஊதி வால்வைத் திறப்பார்களாம். மருமகன் சுஜிதன் தொலைபேசியில் இதை விளக்கியபோது அதிபர் இரண்டு இடங்களில் குறுக்கிட்டுத் திருத்தினார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். தண்ணீர் அள்ளவில்லை.

செவ்வாய் மாலை கோயிலில் நல்ல கூட்டம். ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே எத்தனை மணி என்று அதிபர் ஊருக்கே வகுப்பெடுத்திருந்தார். அர்ச்சனைத் தட்டத்தை வாங்கிக்கொண்டு ஐயர் வழமைபோலக் கேட்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ மாஸ்டர்."

முப்பது வருஷம் மேடையில் ஓயாதவர், சுவரில் தொங்கிய நாட்காட்டியை எட்டிப் பார்த்தார். பிறக்காத பிள்ளைக்கு ஏது பேர், ஏது நட்சத்திரம்? எல்லாம் ஒழுங்கு செய்தவர் இதை யோசிக்கவில்லை.

"இண்டைய நட்சத்திரத்தைப் போடுவமோ?"

"அதெப்பிடி மாஸ்டர்? பிள்ளை பிறந்தாலெல்லோ நட்சத்திரம்."

"ஐயா, அங்கை துவங்கப்போறாங்கள்!" அவருக்கே அது வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

மனைவி நல்லம்மா பின்னாலிருந்து வந்தாள். "இஞ்சருங்கோ, கொஞ்சம் விலத்துங்கோ. ஐயா, தாரிகா, பூரட்டாதி. பிள்ளை இப்ப அவளுக்குள்ளதானே கிடக்குது. அவளுக்குச் செய்தா அதுக்கும் போய்ச் சேரும்."

மணி அடித்தது. அதிபர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார்.

வீடு திரும்பியபின், எட்டரைக்கு சுஜிதன் வீடியோவில் வந்தான். அழுதிருந்தான். "மாமா, திறந்திட்டுது. ரத்தம் வடிவா ஓடுதாம். தாரிகா நித்திரை. டொக்டர் பக்கத்திலைதான் நிக்கிறா, கதைக்கப்போறியளோ?"

அதிபர் ஆங்கிலத்தில் மூன்று பக்க நன்றியுரை எழுதி வைத்திருந்தார். 'மாண்புமிகு மருத்துவ மேதையே' என்ற பொருளில் அது தொடங்கும். தலைமுடி கலைந்த, அவருடைய மகளின் வயதேயான ஒரு பெண் திரையில் கையசைத்தாள். அதிபர் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். தாளை மடித்து வைத்தார். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். கோயிலில்கூட அவ்வளவு உயரம் அவர் கூப்பியதில்லை.

நல்லம்மா போனைப் பறித்தாள். "பிள்ளை, நீர் சாப்பிட்டனீரோ?"

சுஜிதன் மொழிபெயர்த்தான். அந்தப் பெண் சிரித்து, இல்லை என்று தலையாட்டினாள்.

"விடியவிலிருந்து வெறும் வயித்தோடை நிண்டே என்ர பேரனைக் காப்பாத்தினவ? தம்பி, முதல் அவவுக்கு ஏதும் வாங்கிக் குடும்!"

"பேரனோ பேத்தியோ எண்டு இன்னும் தெரியாது மாமி," என்றான் சுஜிதன்.

பக்கத்து வீட்டுக்காரர் கற்கண்டோடு வந்துவிட்டார்கள். அதிபர் எல்லாருக்கும் கை கொடுத்தார். ஒருவருக்கும் எதையும் விளக்கவில்லை.

வால்வு திரும்ப ஒடுங்கக்கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை பிறக்க இன்னும் பதினான்கு கிழமை இருந்தது.