வெண்ணிலாவின் பாஸ்போர்ட் படம்

சங்ககிரியில் லாரி வைத்து ஓட்டும் நாச்சிமுத்துவுக்கு அரசாங்கக் காகிதம் எதுவும் புதிதல்ல. அதனால், அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகன் குணசீலன் போனில் கூப்பிட்டு, "சேலத்துக் காப்பகத்துல நமக்கு ஒரு பொண்ணத் தத்துக் குடுக்கறதுன்னு முடிவாயிருச்சுங்கப்பா. வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆட்சேபணை இல்லைன்னு என்.ஓ.சி. வரோணும்" என்றபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"லாரிய வேற ஸ்டேட்டுக்கு மாத்தறதுக்கும் அதேதாண்டா. நம்ம ஏஜென்டுகிட்டச் சொன்னா ரண்டு நாள்ல வாங்கிருவான்."

"இது ஆர்.டி.ஓ. ஆபீசு இல்லீங்கப்பா."

அந்தக் காகிதம் வர ஒரு மழைக்காலமே கழிந்தது. குணசீலனும் அவன் மனைவி பிரவீனாவும் குழந்தையை வீடியோவில்தான் பார்த்தார்கள். அவள் கவிழ்ந்ததும் தவழ்ந்ததும் முதல் பல் முளைத்ததும் செல்போன் திரையில்தான். பிரவீனா ஆசையாக வாங்கி வைத்த சட்டைகள் போடாமலே சின்னதாகிப் போயின.

அனுமதி கேட்டு நேரில் போய்ப் பார்த்தது நாச்சிமுத்துதான். குழந்தைக்கு வெண்ணிலா என்று பெயர். அவரைக் கண்டதும் இரண்டு கையாலும் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு, வாய் கொள்ளாமல் சிரிப்பாள். இளவட்டத்திலிருந்து முறுக்கி வளர்த்த மீசை. வேறு யாராவது கை வைத்திருந்தால் கையை எடுத்திருப்பார்.

ஒருவழியாக உத்தரவு வந்து, மகனும் மருமகளும் விமானம் ஏறி வந்தார்கள். பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி. அதற்குக் கொடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். இவள் சிரிக்கிறாள் என்றார்கள் பாஸ்போர்ட் ஆபீசில்.

எல்லோரும் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனார்கள். காப்பகத்து ஆயா சௌந்திரம் குழந்தையை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தாள். விளக்கு எரிந்ததும் வெண்ணிலா வீறிட்டு அழுதாள். "அப்பாரு இங்க இருக்கறேன் சாமி" என்று தாத்தா முன்னால் வந்தார். உடனே சிரித்தாள். அவர் நகர்ந்தால் அழுகை, வந்தால் சிரிப்பு. இரண்டிலும் வாய் திறந்தே இருந்தது.

"ஏனுங்க, வாய் மூடற மாதிரி ஒரு மூஞ்சி காட்டுங்க" என்று கெஞ்சினார் ஸ்டுடியோக்காரர் ராசப்பன்.

நாச்சிமுத்து முறைத்துப் பார்த்தார். அதற்கும் சிரித்தாள்.

பிரவீனா சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "படம் செரியில்லைன்னு இன்னும் எத்தன நாளுங்க மாமா? அந்த மீசையக் கண்டாலே சிரிக்கறா" என்றாள்.

நாச்சிமுத்து வெளியே போனார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். பக்கத்தில் சலூன் இருந்தது.

திரும்பி வந்தவரைப் பார்த்து வெண்ணிலாவுக்கு அழவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை. வாயை இறுக மூடி, கண்ணை அகல விரித்து, "யார் நீ?" என்பதுபோல் பார்த்தாள். குணசீலனும் அதே முகத்தோடுதான் நின்றான்.

"ஆங், அப்படியே!" ராசப்பன் பட்டனை அமுக்கிவிட்டார்.

வீட்டில், முதலாவதாக வந்து நின்றவரிடம் மனைவி குப்பாயி கேட்டைப் பாதி திறந்து, "ஊட்டுக்காரரு சேலம் போயிருக்காருங்க. சாயங்காலமா வாங்க" என்றாள்.

"ஏய், நாந்தான்!"

குப்பாயி மீசையில்லாத முகத்தை உற்றுப் பார்த்து, "அய்யோ, ஆரு போயிட்டாங்க?" என்று நெஞ்சில் கை வைத்தாள். மறுநாள் அதே கேள்வியோடு எடப்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். "ஆரும் சாவுலீங்க, பேத்தி வாராளுங்க" என்று ஒவ்வொருவருக்கும் நாச்சிமுத்து விளக்கினார். மாலையோடு வந்தவர் அதைக் காருக்குள்ளேயே ஒளித்துவிட்டு, காப்பி குடித்துப் போனார்.

பாஸ்போர்ட் வந்தது. விமானம் ஏறும்வரை சில நாள் சங்ககிரியில் இருக்கலாம் என்று குழந்தையை அழைக்கப் போனார்கள். சௌந்திரம் இடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு, "நல்லா இரு தங்கம்" என்று சொன்னவள் அங்கே நிற்கவில்லை. சட்டென்று உள்ளே போய்விட்டாள். வெண்ணிலா அந்தக் கதவைப் பார்த்தே அழுதாள். சேலம் தாண்டும்வரை அழுது, பிரவீனாவின் தோளில் தூங்கிப் போனாள்.

நாச்சிமுத்து காரை அவ்வளவு மெதுவாக ஓட்டியதை நெடுஞ்சாலை கண்டதில்லை. மாட்டு வண்டி ஒன்றுதான் முந்தவில்லை.

வீட்டு வாசலில் கார் நின்றது. குப்பாயி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். நாச்சிமுத்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். பிரவீனாவுக்குக் கை மரத்துப் போயிருந்தது, அசைக்கவில்லை.

"எறங்கலாமாங்கப்பா?" குணசீலன் கிசுகிசுத்தான்.

"சும்மா இரு. அவளா முழிக்கட்டும். இத்தன மாசம் காத்திருந்தோம், இன்னுங் கொஞ்ச நேரம் இருந்தா என்ன?"

கண்ணாடிக்கு வெளியே, குப்பாயி அணைந்த கற்பூரத்தை மறுபடி பற்ற வைத்தாள்.