ஆவியாகாத உப்பு

கார்காலம் உலகின்மேல் கவிந்திருந்தது. இடியில்லை, மின்னலில்லை, துயருற்றவர் வாய்மூடி அமர்ந்திருப்பதுபோல் வானம் நாள் முழுதும் தாழ்ந்தே நின்றது. சுவர்கள் வியர்த்தன. உலர்ந்த துணியும் கைபட்டால் ஈரமாய்த் தோன்றிற்று. உயிர் காக்கும் மழைதான். ஆயினும் அவ்வாண்டு அதன் முகத்தில் அருளில்லை.

செயற்கை நூல் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'உப்பக்கா' என்றனர். அறைச்சூட்டிலேயே தேன்போல் உருகி நிற்கும் உப்பொன்றை அவள் ஆக்கியிருந்தாள். அது ஆவியாகாது, நாறாது, எளிதில் தீப்பற்றாது. சூடாக்கி மரக்கூழை இட்டால் கூழ் கரைந்து தெளியும். அக்கரைசலை நீருக்குள் பீய்ச்சினால் நூல் பிறக்கும். நீரை நீக்கிவிட்டால் அதே உப்பு மீண்டும் கைக்கு வரும்.

ஆலையோ கூழைக் கரைக்கக் கந்தக நாற்றமுள்ள வேறொரு திரவத்தை நம்பியிருந்தது. அங்கே பணிசெய்த காலமெல்லாம் அதன் ஆவியை முகர்ந்தே அவள் தந்தையின் கால்கள் மரத்துப்போயின. நூற்புக்கூடத்தில் இன்னும் பலர் அதே ஆவியில் நின்றனர். அவர்கள் மூச்சிலிருந்து அதை விலக்குவதே அவள் நாளும் வைத்த வேண்டுதல்.

புது உப்புக்கு மாறலாமா என்று முடிவுசெய்ய மேலாளர் வந்த காலை, சூடேறிய உப்பில் கூழை இட்டாள். கரையவில்லை. ஊறிப் பருத்துக் கட்டிகட்டியாய் நின்றது.

"என்னம்மா, கரைக்கச் சொன்னா ஊறப்போட்டிருக்க?" மேலாளர் சிரித்தார்.

ஆய்வுக்கூடத்துக் கருவிகளைப் பராமரிப்பவன் அவள் தம்பி. முந்தின மாலை உப்பை அகன்ற பாத்திரத்துக்கு மாற்றியவனும் அவனே. அவனை நோக்கித் திரும்பினாள்.

"மூடி போட்டியாடா?"

"எதுக்குக்கா? ஆவியாகாது, ஆவியாகாதுன்னு நீதானே வாய் ஓயாம பாடின? எங்கயும் போகாத சாமானுக்கு மூடி எதுக்குன்னு விட்டுட்டேன்."

"போகாதுடா. ஆனா காத்துல இருக்கிற தண்ணியெல்லாம் குடிச்சிடும். தண்ணி குடிச்சா கூழைக் கரைக்காது."

"இதை நீ சொல்லவே இல்லையேக்கா!"

உண்மைதான். உப்பின் புகழையன்றி அதன் குறையை அவள் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

"சார், வெற்றிடத்துல வெச்சு உலர்த்தினா பழையபடி ஆயிடும். ரெண்டு நாள் கொடுங்க."

"அடுத்த மழைக்கு? ஆலை முழுக்க மூடி போட்டு உக்கார முடியுமா? பழசே போதும்மா. அது வெயில் மழை பார்க்காம கரைக்குது."

"ஆளையும் சேர்த்துத்தான் சார்."

கேளாதவர்போல் அவர் குடையை எடுத்துக்கொண்டார். பகல் கழியுமுன்னரே பழைய திரவத்துக்கு ஆணை போயிற்று.

மாலையில் வீட்டில் தந்தை கேட்டார்: "கரைஞ்சுதா கண்ணு?"

"இல்லப்பா."

"தம்பி வந்ததும் படுத்துட்டான். திட்டினியா?"

"திட்டி என்ன ஆகப்போகுது? பழசுக்கே கையெழுத்து போட்டாச்சு."

அவள் வெந்நீர் கொணர்ந்தாள். தந்தையின் கால்கள் சூடறியா. ஆகவே தன் முழங்கையை நனைத்துப் பதம் பார்த்தாள். விரலிடைகளில் அவருக்குத் தெரியாமல் புண் வந்திருக்கிறதா என்று நோக்கி, மெல்லக் கழுவித் துடைத்து, அப்பாதங்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அத்தொடுகையை அவர் உணரவில்லை. குனிந்த தலையை மட்டும் கண்டார். அதன்மேல் கை வைத்தார்.

"நூற்புக்கூடத்துல நிக்கிற பிள்ளைங்க காலாவது கடைசிவரை தரையை உணரட்டும். நீயும் நல்லா இரும்மா."