பிறிஜெற் அன்ரிக்கு இருநூற்றுப் பதினான்கு அனுதாபங்கள்

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவன். பெயர் நபீஸ். நாள் முழுவதும் ஆட்களை நேராக உட்காரவைத்து, கண்ணுக்குக் கிட்டக் குனிந்து, இந்த எழுத்துத் தெரியுதா, இப்போது தெரியுதா என்று கேட்பதுதான் வேலை. ஒரு முகத்தை அவ்வளவு கிட்டப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கதைக்காமல் அனுப்பிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் நாலு வருடத்துக்கு முன்பு ஒரு பழைய கமெரா வாங்கினேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் வெளியே இறங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுப் படம் எடுத்து, அவர்கள் சொல்லும் கதையோடு முகநூலில் போடுகிறேன். கடை காலி வீதியில் என்பதால் பக்கத்தின் பெயர் 'காலி வீதி ஆட்கள்'.

எனக்கு நெடுநாளாக ஒரு கோபம் உண்டு. நம் சனம் ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது அவர் செத்த பிறகுதான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன தெருவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று பத்திரிகையில் பெட்டி கட்டிப் போடுவார்கள். அன்பானவர், பண்பானவர் என்று அள்ளிக் கொட்டுவார்கள். அவர் எழும்பி வந்து வாசிக்கவா போகிறார்? ஆகவே என் பக்கத்தில் உயிரோடிருக்கிற எல்லோரையும் நான் அதே முதல் வரியோடுதான் எழுதுகிறேன். வரி மரண அறிவித்தல் மாதிரி இருக்கும், படத்தில் ஆள் வடை கடித்துக்கொண்டிருப்பார். என் வாசகர்களுக்கு அது பழகிவிட்டது. என் மனைவி பர்ஹாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. மௌத்து நோட்டீஸை வைத்து விளையாட வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். எனக்கு அது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்ற திமிர்.

பிறிஜெற் அன்ரியைக் கண்டது வெள்ளவத்தை ரயில் நிலையத்து வாங்கில். கடலைப் பார்த்தபடி அன்னாசித் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். எழுபதுக்குக் கிட்ட வயது, சிவப்புச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் தின்று முடிக்கிறேன், வாயைத் துடைக்கிறேன், பிறகு எடு என்றார். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒவ்வொரு வியாழனும் பஸ் ஏறி வருகிறாராம், கடல் பார்க்க. அங்கேயும் கடல்தானே என்றேன்.

"அங்க இருக்கிறது ஹாபர், மகன். கடல் தெரியாது, கிரேன்தான் தெரியும்."

கப்பல் கம்பனி ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. ஆள் கோபத்தில் இருக்கிறாரா, குடித்திருக்கிறாரா, அழப்போகிறாரா என்று ஒரு ஹலோவிலேயே பிடித்துவிடுவாராம். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ரயில் ஒன்று வந்து போனது, அவர் ஏறவில்லை. பிறகு கேட்காமலே தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பி ஒஸ்வால்ட் கனடாவில். ஒன்பது வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தது பெரிய வெள்ளி வருகிற பெரிய வாரத்துத் திங்கள் இரவு. பெரிய வியாழனில் இருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை அடக்கப் பூசை கிடையாது. புதன் பின்னேரம் எடுங்கள், அல்லது அடுத்த திங்கள்வரை வைத்திருங்கள் என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார். ஒஸ்வால்ட் வந்து இறங்குவது வியாழன் காலையில். நான் வரும்வரை பெட்டியை மூடாதே என்று போனில் அழுதானாம். பெரிய வெள்ளியன்று அம்மா வீட்டில் பிணமாகக் கிடப்பதை அன்ரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. புதனே எடுத்துவிட்டார். வியாழன் வந்த ஒஸ்வால்ட் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நேரே ஒரு ஹோட்டலுக்குப் போய், கல்லறையைக்கூடப் பார்க்காமல், ஞாயிறு திரும்பிப் போய்விட்டார். அன்றோடு பேச்சு இல்லை.

எங்கள் ஆட்களில் மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவோம், யாருக்காகவும் வைத்திருப்பதில்லை, நீங்கள் செய்தது பிழையே இல்லை அன்ரி என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

"அது உங்கட வழக்கம், மகன். நாங்க காத்திருக்கிற சனம். நான்தான் காத்திருக்கேல்ல," என்றார். இதை மட்டும் எழுதிவிடாதே என்றும் சொன்னார்.

நான் எழுதவில்லை. டெலிபோன் கதையைத்தான் எழுதினேன். 'கொழும்பு கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பிறிஜெற் அவர்கள்' என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். படத்தில்தான் சனி பிடித்தது. அன்ரியின் சிவப்புச் சேலைக்கும் பின்னால் இருந்த மஞ்சள் விளம்பரப் பலகைக்கும் ஒத்துவரவில்லை, கண்ணைக் குத்தியது. பெரிய கலைஞன் மாதிரி கறுப்பு வெள்ளையாக மாற்றிப் போட்டேன்.

யாரோ ஒருவர் அந்தப் படத்தையும் முதல் வரியையும் மட்டும் வெட்டி, கனடாவில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்காரர்களின் குழுவில், இது எங்கள் பிறிஜெற் அக்காவா என்று கேட்டுப் போட்டிருக்கிறார். அடுத்தவர் பகிரும்போது கேள்வி போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் எதையும் வாசிக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு பேர் அன்ரியின் ஆன்மா இளைப்பாற வேண்டியிருந்தார்கள். எரிகிற மெழுகுதிரி, பறக்கிற புறா எல்லாம் வந்திருந்தன. போன கிழமை கண்டபோதே ஆள் நல்லா வாடிப்போயிருந்தா என்று ஒருவர் சாட்சியும் சொல்லியிருந்தார். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு என் பக்கத்துக்கு வந்திருந்த தனிச்செய்தியைத் திறந்தேன்.

'ஐயா, பிறிஜெற் என் அக்கா. அங்கே ஒருவருடைய நம்பரும் இப்போது என்னிடம் இல்லை. நான் விமானத்தில் ஏறிவிட்டேன். டோஹா வழியாக நாளை காலை பத்து மணிக்குக் கொழும்பில் இருப்பேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நான் வரும்வரை பெட்டியை மூடவேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஒஸ்வால்ட்.'

செய்தியின் கீழே ஒஸ்வால்ட் கொடுத்திருந்த நம்பருக்கு எடுத்தேன், போன் அணைத்திருந்தது. வீட்டுக்குப் போன் எடுத்துப் பர்ஹாவிடம் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"போன்ல சொல்ற விஷயமில்ல இது. இப்பவே போய் அந்த அன்ரிட மொகத்துக்கு நேர சொல்லுங்க. அந்த மனுசன் வானத்துல அழுதுகிட்டு வாறாரு," என்றாள்.

கடையில் லீவு சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எந்த ஒழுங்கை என்று அன்ரி முன்பே சொல்லியிருந்ததால் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வாசலில் ஒரு பெரிய மலர்வளையம் சாத்தியிருந்தது. லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரி அனுப்பியதாம். கடைக்காரன் கொண்டுவந்தபோது அன்ரியே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அதில் இருந்த நல்ல பூக்களைப் பிடுங்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா, வா. செத்த வீட்டுக்கு வெறுங்கையோடயா வந்தனீ?" என்று கேட்டார். காலையில் இருந்து ஏழு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், இரண்டு பேர் பிஸ்கட் பெட்டியோடு. எல்லோரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவர் சிரித்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, போனைத் திறந்து ஒஸ்வால்டின் செய்தியை நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். கையில் இருந்த பூவை வாளியில் போடவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"அப்பவும் இதே சொல்லுத்தான். பெட்டிய மூடாத எண்டு."

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். நாம் ஒன்றும் எழுதவேண்டாம் அன்ரி, அவர் வந்து நேரே வாசலில் உங்களைப் பார்க்கட்டும், சந்தோஷத்தில் பழையதெல்லாம் மறந்துபோகும் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். இப்போது உண்மையைச் சொன்னால், ஏமாந்துவிட்டேன் என்ற வெட்கத்தில் மனிதர் போன முறை மாதிரி நேரே ஹோட்டலுக்குப் போய்விடுவார் என்று பட்டது. கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டதாகப் போய்விடும்.

அன்ரி மறுத்துத் தலையை ஆட்டினார். "செத்த அக்காவைப் பாக்க எவனும் வருவான். உயிரோட இருக்கிறன் எண்டு எழுது, மகன். தெரிஞ்ச பிறகும் என்ர வாசலுக்கு வாறானா எண்டு பாப்பம்."

அவர் சொல்லச்சொல்ல ஒஸ்வால்டின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் நான் தட்டினேன். 'நான் சாகவில்லை. பெட்டியும் இல்லை. இது இந்தத் தம்பியுடைய பிழை, அவனை ஏசாதே. விருப்பமென்றால் வீட்டுக்கு வா. அக்கா.' நம்ப வேண்டுமே என்று ஒரு படமும் எடுத்தேன். வாளிப் பூவுக்குப் பக்கத்தில் அன்ரி முறைத்துக்கொண்டு நிற்கிற படம். நிறத்தை மாற்றவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு விமானம் டோஹாவில் இறங்கியது. ஆறு மணிக்குச் செய்தியின் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. வாசித்துவிட்டார். பதில் இல்லை. ஆறரைக்கு அன்ரி எனக்குப் போன் எடுத்தார். ஏழுக்கு எடுத்தார். ஏழரைக்கு எடுத்தபோது, ஒன்றும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் அடுத்தவர்கள் குரலைக் கேட்ட மனுசி, என் ஹலோவிலேயே விளங்கிக்கொண்டு, சரி, படு மகன் என்று வைத்துவிட்டார். பர்ஹா எனக்காகவும் ஒஸ்வால்டுக்காகவும் துஆ கேட்டாள். நானும் கேட்டேன், வெட்கமில்லாமல் அழுதுகொண்டு.

மறுநாள் காலை வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் அன்ரியை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனேன். வாசலுக்கு வருவானா பார்ப்போம் என்றவர், விடிய ஆறு மணிக்கே உடுத்திக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்றார். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் இருந்தது, பாண் மணமும் இறைச்சிக் கறி மணமும் வந்தன.

விமானம் பத்துக்கு இறங்கியது. பத்தரையில் இருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். குடும்பம் குடும்பமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொன்றரைக்குக் கதவடி வெறிச்சென்று ஆகிவிட்டது. வேறு பக்கத்தால் டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. வாருங்கள் அன்ரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் வந்தார். மெலிந்த மனிதர், தலை முழுக்க வெள்ளை, ஒரு சின்னப் பை. அந்த வெயிலில், செத்த வீட்டுக்கென்று போட்ட கறுப்புக் கோட்டும் கறுப்பு டையும் அப்படியே இருந்தன. அன்ரியைக் கண்டதும் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். அன்ரியும் நகரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கழுத்தில் கமெரா கிடந்தது, எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவர்தான் கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்தார். டோஹாவில் வாசித்தேன் என்றார். அங்கே ஒரு கதிரையில் இருந்து ஐந்து மணித்தியாலம் அழுததாகவும், என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். அன்ரி அவருடைய டையை அவிழ்த்தார். கோட்டையும் கழற்றவைத்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குச் செய்வது மாதிரி இருந்தது.

ஒஸ்வால்ட், "அக்கா, என்னை அம்மாட்டக் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

"போவம். முதல்ல சாப்பிடு," என்றார் அன்ரி. "அம்மா எங்கயும் போகமாட்டா. இந்த முறை நாங்க ரெண்டு பேரும் உனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறம்."