செந்நாய்கள் வந்த மதியம்

அந்த வசந்தத்தில் நானும் என் நாத்தனார் யுன்ஷியாவும் எங்கள் மலைக்காட்டின் வடக்குச் சரிவுக்குக் காவல் சுற்றப் போயிருந்தோம். இருவருக்கும் ஒரே வயது. வனக் காவலில் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். முந்தைய இலையுதிர்காலத்தில் எனக்குப் பிறந்த மகன் இரண்டே நாள்தான் உயிரோடிருந்தான். வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறதென்று அடம்பிடித்து நான் சீக்கிரமே வேலைக்குத் திரும்பியிருந்தேன்.

சோள ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்ன ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தபோது, எதிரே நின்ற ஊசியிலை மரத்தைக் காட்டினாள் யுன்ஷியா. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிளையில் தங்கிய பனியும் நிழலும் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த நிழலில் ஒரு காது அசைந்தது. பாண்டாக் குட்டி. கிளைக்கவட்டில் சுருண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தது.

வெகுநேரம் காத்திருந்தோம். தாய் வரவில்லை.

"தாய் செத்துப்போயிருக்கும்டி. நான் ஏறி எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"அவ மூங்கில் திங்கப் போயிருப்பா, அண்ணி. நாள் பூரா தின்னாத்தான் அவளுக்கு வயிறு நெறையும். புள்ளைய மரத்துல வெச்சுட்டுத்தான் போவா."

நான் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்தேன். அவள் என் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டாள். உதறினேன். விடவில்லை.

"அது உன் புள்ள இல்ல, அண்ணி" என்றாள் மெதுவாக.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதங்களாக வீட்டில் யாரும் என் முன்னால் பிள்ளை என்ற சொல்லையே எடுத்ததில்லை. அழுகை வந்தது. அவள் வாரை விடாமல் பக்கத்திலேயே இருந்தாள்.

செந்நாய்கள் வந்தது அதற்குப் பிறகுதான். நான்கு இருந்தன. பாறையின் உச்சிக்கு நகர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. மரத்தடியை மோந்து, அடிமரத்தில் முன்கால் வைத்து எம்பின. குட்டி கத்தவே இல்லை. நகங்களை ஊன்றி, பெரிய விலங்கு எதுவும் ஏற முடியாத மெல்லிய உச்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நான் அதைக் கீழே இறக்கிக் கையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமென்று நினைத்து யுன்ஷியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூங்கில் புதர் முறிபடும் சத்தம் கேட்டது. தாய் வந்துவிட்டாள். ஓடிவந்து அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். பின்னாலிருந்து யாரும் தொட முடியாது. உறுமினாள், பல்லைப் பல்லோடு அடித்தாள். பக்கவாட்டில் பாய்ந்த ஒரு நாயை முன்காலால் அறைந்து பனியில் உருட்டிவிட்டாள். இன்னொன்று அவள் தோளைக் கவ்வியது. அவள் திரும்பி அதன் காலைக் கடித்தாள். கெட்டி மூங்கிலை நொறுக்கும் வாய் அது. எலும்பு முறிந்த சத்தம் பாறைவரை கேட்டது. அந்த நாய் ஊளையிட்டபடி மூன்று காலில் ஓட, மற்றவையும் சற்றுத் தயங்கிவிட்டுப் பின்னாலேயே போய்விட்டன.

தாய் கடிபட்ட தன் தோளை நக்கினாள். பிறகு மேலே பார்த்து ஆட்டுக்குட்டிபோல் மெல்லக் குரல் கொடுத்தாள். குட்டி பின்புறத்தை முன்னே விட்டு, சறுக்கிச் சறுக்கி இறங்கி அவள் மடியில் விழுந்து பால் குடிக்கத் தொடங்கியது.

"பாத்தியா, இறங்கத் தெரியல கழுதைக்கு" என்று யுன்ஷியா சிரித்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"நீ பிடிச்சு வெச்சியே, யுன்ஷியா. நல்லா இருப்ப நீ" என்றேன்.

தாயும் குட்டியும் மூங்கிலுக்குள் மறைந்த பிறகே இறங்கினோம். வழியெல்லாம் நான் என் மகனைப் பற்றிப் பேசினேன். அவன் மூக்கு என் கணவருடையது, விரல்கள் நீளமானவை என்றெல்லாம். யுன்ஷியா என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நடந்தாள்.