ஹாஜா மைதீனுக்கு ஒரு போர்வை

சித்தீக் பூப்போர்வையை வேப்பமரத்தடியில் விரிக்காமல் மதிலோரத்துக் கபரில் விரித்ததைப் பார்த்தபோது என் கையெல்லாம் வடக மாவு. சித்தீக், எதிர்வீட்டு ஹபீபுன்னிசா அக்காவின் ஒரே மகன்; குவைத்திலிருந்து வந்து இருபது நாள் ஆகிறது. போர்வை அவனுடைய அத்தா ஹாஜா மைதீனுக்கு. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பின்னால் பள்ளிவாசலின் மையத்தாங்கொல்லை, அவர்கள் அடக்கம் செய்கிற இடம், முழுக்கத் தெரியும், ஒவ்வொரு கபரும் தனித்தனியாக. அதற்கு நான் என்ன செய்வது, வீட்டைக் கட்டியவர் என் மாமனார். மாடியில் வெயில் நன்றாக விழுவது அந்த மூலையில்தான் என்று என் வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. அவர் நம்புவதில்லை.

வருஷா வருஷம் கணவர் இறந்த நாளுக்கு அக்கா போர்வை கட்டுவார். முதல் நாள் சாயங்காலமே திருவையாற்றுப் பஸ்ஸில் பூ வந்துவிடும். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் ஈரத்துணி. மல்லிகைச் சரங்கள் நீளவாக்கில், செவ்வந்திச் சரங்கள் குறுக்கே, இரண்டும் சந்திக்கிற இடத்திலெல்லாம் ஒரு ரோஜா. மீன்வலைபோல ஒன்று மெல்ல உருவாகும். தலைமாட்டில் ரோஜா நெருக்கமாக, கால்மாட்டில் மரிக்கொழுந்து. மனிதர் நல்ல உயரம். ஆறடி கட்டி, அதற்குமேல் நாலு விரல் விடுவார். "காலு வெளிய தெரியக் கூடாதுல்ல" என்பார், ஏதோ மார்கழிக் குளிரில் படுத்திருப்பவருக்குப் போல. ஆனால் அது கபரின்மேல் எப்படிக் கிடக்கும் என்று அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை. அவர்கள் ஜமாத்தில் பெண்கள் உள்ளே போவதில்லை. தட்டை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். போட்டுவிட்டு வருகிற ஆண்பிள்ளை என்ன சொல்கிறானோ அதுதான் அவருக்கு.

இத்தனை வருஷம் போட்டுவந்தது ஹாஜா மைதீனின் தம்பி முகம்மது யூசுப். இந்த வருஷம் வாதம் வந்து, பேச்சுக் குழறி, சென்னையில் மகள் வீட்டில் கிடக்கிறார். ஹாஜா மைதீன் போனது கொரோனா ஊரடங்கில். விமானம் இல்லை, சித்தீக் வரவில்லை; அதற்குப் பிறகு ஊருக்கு வருவது இப்போதுதான். அடக்கத்துக்கு ஆறே பேர். ஏழாவதாக மாடியில் நான். அங்கே கல்லில் பேர் எழுதுகிற வழக்கமும் கிடையாது. நாற்பது வயதில் ஒருத்தன், என் அத்தா எங்கே இருக்கிறார் என்று தெருவில் யாரைப் பிடித்துக் கேட்பான்? கேட்கவில்லை. தட்டும் கையுமாக இரண்டு சுற்று சுற்றினான், பிறகு இருப்பதிலேயே துப்புரவாக இருந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டான், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி. அது ரைஸ்மில் அல்லா பிச்சையினுடையது. வாய்க்கால் தகராறில் ஹாஜா மைதீனோடு பதினைந்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர்.

என் வாயில் எதுவும் தங்காது என்று தெருவுக்கே தெரியும். கையைக்கூடக் கழுவாமல் இறங்கி எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன். சித்தீக் எனக்கு முன்னாலேயே வந்து, காலி முறத்தைப் பார்ப்பதுபோல் காலி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தலைமாடு வடக்காலதானே விரிச்சே?" அக்கா அவனைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"காலு மூடுச்சா?"

"மூடுச்சும்மா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்திருப்பியே தாமரை."

"நான் வடகம்..."

"அஞ்சு வருஷமா ஒன் வடகத்த நானும் பாக்குறேன். ஒரு படி காயல." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "நான் ஒன் மாடிக்கு வரட்டா? உள்ள போறதில்லன்னுதான் வழக்கம். தூரத்துலேர்ந்து பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே" என்றார்.

முழங்கால் வலிக்காரி, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். பின்னால் சித்தீக் என் காதருகே வந்தான்.

"அத்தை, மதிலோரம் போட்டேனே, அதானே அத்தாவோடது?"

"இல்ல தம்பி. வேப்பமரத்தடி."

அவன் முகம் சுண்டிவிட்டது. "சொல்லிடாதீங்க. அம்மா ராவெல்லாம் ஒக்காந்து கட்டுனாங்க."

சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்பது அவனுக்கு எங்கே தெரியும்.

மாடியில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தார். வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாக மதிலோரத்தில் போர்வை. உண்மையைச் சொன்னால், அல்லா பிச்சைக்கு அவர் வீட்டில்கூட யாரும் இப்படிச் செய்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "நான் நெனச்சதவிடச் சின்னதா தெரியுது."

"தூரம்ல" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் பார்வை ஒவ்வொரு கபராக நகர்ந்தது. வேப்பமரத்தடியில் நின்றது. யூசுப் வராததால் அங்கே புல் மண்டி, கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

"அது யாரு?"

நான் குனிந்து வடகம் கிள்ளி வைத்தேன். சித்தீக் தரையைப் பார்த்தான்.

"யாரா இருந்தா என்ன" என்று அவரே சொன்னார். "சித்தீக்கு, கூடத்துல உதிரிப் பூ மிச்சம் கெடக்கு. எடுத்துட்டுப் போயி அவங்களுக்கும் போட்டுட்டு வா."

அவன் படியில் இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று பாதியிலேயே கழன்றுகொண்டது. எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே அவன் தெரிந்தான். பூவைத் தட்டோடு ஓரமாக வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான். வேரோடு வந்த மண்ணை உதறி உதறி எறிந்தான். சட்டை முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. இடையில் ஒருமுறை நிறுத்தி, உள்ளங்கையால் அந்தக் கல்லைத் துடைத்தான், பிறகு கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

நான் அக்காவைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தார். மதிலோரம் போர்வை கிடந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே அவன் தட்டை இழுத்து, முதல் பூவை எடுத்தான்.